பிடியரிசியும் ஆராய்ச்சியும்

தருமம் என்றதும் இந்துக்களின் மனத்தில் முதலில் எழுவது அன்னதானம். அதை அடுத்துத் திருப்பணி, பள்ளிக்கூடம், ஆதரவற்ற பிள்ளைகளின் பராமரிப்பு, ஊர் வைத்தியசாலைக்குக் கட்டிலும் கருவியும் வாங்கிக் கொடுத்தல் என்று வரிசை நீளும். பிரித்தானியாவில் வாழும் தமிழ் மக்களின் கோயிற் சங்கங்கள் இவற்றில் எதிலும் பின்நின்றவை அல்ல. ஆயினும் ஒரு தருமம் இந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இன்னும் மருந்து காணப்படாத நோய்க்கு மருந்து தேடும் இளம் விஞ்ஞானிக்குக் கைகொடுப்பதே அந்தத் தருமம். அதனைக் கோயிற் சங்கங்கள் தம் ஆண்டுக் கணக்கில் ஒரு வரியாகவேனும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்கான காரணங்களைப் பார்க்கின்சன் நோயின் வரலாறே எடுத்துக் காட்டுகின்றது.

நடுக்குவாதம் என்று சொல்லப்படும் இந்த நோய் பெரும்பாலும் 60 வயதை அண்டியோ அதற்குப் பின்னரோ தலைகாட்டுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். பிரித்தானியாவில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருக்கின்றனர். படிக்கவும் தொழில் பார்க்கவும் இளம் வயதில் இந்நாட்டுக்கு வந்திறங்கிய தமிழர்களுக்கு இன்று 70, 80 வயதாகின்றது. ஆகவே இது பிறர் வீட்டு நோய் என்று ஒதுக்கிவிடக்கூடிய நிலை இனி இல்லை.

மூளையின் அடிப்பகுதியில் கரிய நிறமுள்ள சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. கையைத் தூக்குவதும், நடப்பதும், திரும்புவதும் இப்பொருளின் துணையால் இலகுவாக நடைபெறுகின்றன. அந்த உயிரணுக்கள் ஒவ்வொன்றாக அழியும்போது உடல் மெதுவாகின்றது, தசைகள் இறுகுகின்றன, கை நடுங்குகின்றது, எழுத்துச் சிறுத்துப் போகின்றது, முகத்தில் பாவம் குன்றுகின்றது. வாசனை அறியும் ஆற்றல் குறைவதும் மலச்சிக்கலும் பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றக்கூடும். “வயது போனால் கை நடுங்கத்தானே செய்யும்” என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்திலேயே உயிரணுக்களின் பெரும்பகுதி அழிந்துவிடுகின்றது.

இந்நோயைத் தெளிவாக எழுதி வைத்த முதல் வைத்தியர் இலண்டன் நகரத்தவர். ஹொக்ஸ்ரன் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறு பேர் மட்டுமே. அவர்களிலும் சிலர் அவர் தெருவில் நடந்து போகக் கண்டவர்கள். நோயின் காரணத்தைத் தம்மால் அனுமானிக்க மட்டுமே முடிகின்றது என்பதை ஒப்புக்கொண்ட அவர், இறந்தோரின் உடலை ஆராய வல்லவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளுக்குச் சரியான விடை கிடைக்க ஏறக்குறைய 140 ஆண்டுகள் சென்றன.

1950களின் இறுதியில் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். பாரத நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து எடுக்கப்படும் பொருள் அது. அசைவற்றுக் கிடந்த அந்த முயல்கள், டோபமினாக மாறக்கூடிய டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் மீண்டும் நடமாடின. 1960 இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் என்பவர், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ், லெவோடோபா என்னும் மருந்தை வாய்வழியாகப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்தார். கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றில் தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பக்கமும் உண்டு. அதே லெவோடோபாவை 1937 ஆம் ஆண்டிலேயே பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். அப்பொருளால் நடுக்குவாத நோயாளி எழுந்து நடக்கலாம் என்பது அப்போது உலகில் எவருக்கும் தெரியாது. அதன் பயன் வெளிப்பட மேலும் 30 ஆண்டுகள் கழிந்தன. ஆராய்ச்சி என்னும் பயிர் இப்படிப்பட்டது. விதைத்த கை வேறு, அறுத்த கை வேறு. விதைத்த அன்று, “இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திராது. (பூனைக்காலிப் பொடியை வைத்தியரின் ஆலோசனையின்றி உட்கொள்ளுதல் ஆபத்தானது என்பதையும் இங்கே குறிப்பிடுதல் அவசியம். அதில் உள்ள மருந்தின் அளவு விதைக்கு விதை மாறும். ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளோடு சேர்ந்து தீங்கு விளைவிக்கவும் கூடும்.)

லெவோடோபா வந்த பின்னர் நோயாளிகளின் வாழ்வு பெரிதும் மாறியது உண்மையே. ஆனால் அது குறையும் பொருளை ஈடுசெய்கின்றதே தவிர, உயிரணுக்கள் அழிவதைத் தடுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பயன் நிலைக்கும் நேரம் சுருங்குகின்றது. தானாக ஏற்படும் உடல் அசைவுகளும் பலருக்குத் தோன்றுகின்றன. நோயின் போக்கை நிறுத்துவதாகவோ மந்தப்படுத்துவதாகவோ நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆகவே ஆராய்ச்சி தொடரவேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அதற்கான பணத்தை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அரசாங்கம் கொடுக்கின்றது, மருந்துக் கம்பெனிகள் கொடுக்கின்றன. ஆனால் பெரும்பணம் எப்போதும் நிச்சயத்தை நாடிச் செல்லும். கம்பெனி, இலாபம் தரக்கூடிய மருந்து கண்ணுக்குத் தெரிந்த பின்னர் வரும். அரசாங்க மானியக் குழு, ஆரம்பச் சோதனைகளின் பலனைக் காட்டும்படி கேட்கும். கலாநிதிப் பட்டம் பெற்று வெளியே வந்த ஓர் இளைஞரிடமோ யுவதியிடமோ புதிய எண்ணம் இருக்கும், பலன் இருக்காது. பலன் வேண்டுமானால் சோதனை செய்ய வேண்டும். சோதனை செய்யப் பணம் வேண்டும். பணம் கேட்டால் பலனைக் காட்டு என்பார்கள். இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஓர் ஆய்வுகூடத்திலிருந்து இன்னோர் ஆய்வுகூடத்துக்கு மாறிச் சலித்து, ஆராய்ச்சியையே கைவிட்டுப் போகும் திறமைசாலிகள் பலர். இந்தச் சுற்றை உடைக்கக்கூடியது நன்கொடைப் பணம் ஒன்றே. இலாபத்தை எதிர்பாராத பணமாதலால் அது துணிந்து காத்திருக்கும்.

இவ்வாறு காத்திருந்த பணம் என்ன செய்தது என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. மாலி ஜென்கின்ஸ் என்ற பெண்மணியின் சகோதரிக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. அவருக்கு உதவவும் விளக்கம் சொல்லவும் ஓர் அமைப்பும் இல்லாதிருப்பதைக் கண்ட ஜென்கின்ஸ் அம்மையார், 1969 ஆம் ஆண்டில் பார்க்கின்சன் நோய்ச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கோடீசுவரர் அல்லர். அச்சங்கம் 2010 முதல் பார்க்கின்சன்ஸ் யூகே என்ற பெயருடன் இயங்குகின்றது. கோயிற் சங்கங்களைப் போலவே அங்கத்தவர்களின் சந்தாவும், நடைபவனியும், மரண சாசனங்களில் எழுதி வைக்கப்பட்ட சிறு தொகைகளும் அதன் மூலதனமாயின.

அந்தச் சங்கத்தின் ஆதரவில் 1980களில் இலண்டனில் ஒரு மூளை வங்கி அமைந்தது. நோயாளிகள் தாம் இறந்த பின் தமது மூளையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்தனர். பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர்கள் முடிவு செய்திருந்த 100 பேரின் மூளைகள் ஆராயப்பட்டன. 1992 இல் வெளியான முடிவின்படி அவர்களில் 76 பேருக்கே உண்மையில் அந்நோய் இருந்தது. ஏனைய 24 பேருக்கும் இருந்தவை வேறு நோய்கள். அன்றைய வைத்திய உலகை விழித்தெழச் செய்த கணக்கு இது. அந்த மூளை வங்கியின் பெயரைத் தாங்கிய நோயறி விதிகளைப் பல ஆண்டுகளாக உலகின் பல நாட்டு வைத்தியர்களும் பின்பற்றினார்கள். கொழும்பிலோ சென்னையிலோ ஒரு வைத்தியர் நடுக்குவாதத்தைச் சரியாக இனங்காண, இலண்டனில் சேர்ந்த சிறு நன்கொடைகளும் உதவின என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இளம் விஞ்ஞானியின் கையில் நன்கொடைப் பணம் இருப்பதால் விளையும் நன்மைக்கு இன்னொரு சான்று ஸ்கொட்லாந்திலிருந்து கிடைக்கின்றது. பேர்த் நகரைச் சேர்ந்த ஜோய் மில்ன் என்பவர் ஒரு தாதி. தம் கணவரின் உடல் வாசனை மாறியிருப்பதை, அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக வைத்தியர்கள் சொல்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார். பின்னர் நோயாளிகள் கூடிய இடத்தில் அதே வாசனையை எல்லோரிடமும் கண்டார். ஒரு கூட்டத்தில் எழுந்து, “இந்த வாசனையை ஏன் பயன்படுத்துவதில்லை?” என்று எடின்பரோ பல்கலைக்கழக விஞ்ஞானி திலோ குனாத்திடம் கேட்டார். குனாத் அப்போது மேற்சொன்ன சங்கத்தின் ஆய்வு உதவித்தொகை பெற்றிருந்தவர். முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். ஆறு நோயாளிகளும் ஆறு சுகதேகிகளும் அணிந்த சட்டைகள் அந்த அம்மையாரிடம் கொடுக்கப்பட்டன. ஆறு நோயாளிகளையும் அவர் சரியாகச் சொன்னார். சுகதேகிகளில் ஒருவரையும் நோயாளி என்றார். அது ஒன்றுதான் பிழை என்று எண்ணியிருக்க, எட்டு மாதங்களின் பின் அந்த ஒருவருக்கும் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது.

இதைத் தொடர்ந்து மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெர்டிற்றா பரன் என்னும் விஞ்ஞானியின் குழுவினர், தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையில் அந்த வாசனைக்குக் காரணமான பொருள்களைத் தேடி 2019 இல் முடிவை வெளியிட்டனர். நோயை முன்கூட்டியே அறியும் இலகுவான சோதனை ஒன்றுக்கு இது வழியாகலாம் என்ற நம்பிக்கை பிறந்திருக்கின்றது. ஒரு தாதியின் மூக்கை நம்பி எந்தக் கம்பெனி முதலில் பணம் போட்டிருக்கும்? எந்த அரசாங்கக் குழு விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடம் வைத்திருக்கும்? கேள்வியைக் கேட்க ஒரு சாதாரண மனிதரும், அதைக் கேட்டு ஆராயச் சுதந்திரம் பெற்ற ஒரு விஞ்ஞானியும், அந்தச் சுதந்திரத்துக்குப் பணம் கொடுத்த முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரும் சேர்ந்ததால் நிகழ்ந்தது அது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் வீணாகப் போகலாம் என்பது. போவதும் உண்டு. நீரிழிவுக்கு வழங்கப்பட்டுவந்த எக்செனற்றைட் என்ற ஊசிமருந்து பார்க்கின்சன் நோயைத் தடுக்குமா என்று இலண்டனில் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டது. அதன் ஆரம்ப முயற்சிக்குக் கியூர் பார்க்கின்சன்ஸ் என்ற அறநிலையம் உதவியது. இளம் வயதிலேயே இந்நோய்க்கு ஆளான ரொம் ஐசக்ஸ் முதலிய நோயாளிகள் 2005 இல் தொடங்கிய அறநிலையம் அது. 2017 இல் வெளியான முடிவு நம்பிக்கை ஊட்டியது. ஆனால் 194 பேரை 96 வாரங்கள் கவனித்த பெரிய சோதனையில் அம்மருந்தால் பயன் இல்லை என்று 2025 இல் அறிவிக்கப்பட்டது. இது துயரமான செய்தி. எனினும், பயனற்றது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டதும் ஒரு பயனே. இல்லையேல் ஆயிரக்கணக்கான நோயாளிகள் அந்த ஊசியை நம்பிக் காலத்தையும் பணத்தையும் இழந்திருப்பார்கள்.

இரண்டாவது, ஊரில் எத்தனையோ ஏழைகள் இருக்க, வசதி படைத்த நாட்டின் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுப்பானேன் என்பது. இது நியாயமான கேள்வி. ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சதமேனும் குறைக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் லெவோடோபா இன்று சுவீடனுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து நோயாளியும் அதனை உட்கொள்கிறார். ஒரு பசிக்கு ஒரு வேளை உணவு போதும். ஒரு மருந்தோ கண்டுபிடிக்கப்பட்ட பின் என்றென்றும் எல்லா ஊருக்கும் பொது.

மூன்றாவது, சிறிய சங்கம் ஒன்று கொடுக்கும் சிறிய தொகையால் என்ன ஆகும் என்பது. இக்கேள்விக்குத் தமிழ் மக்களின் பழைய வழக்கம் ஒன்றே விடை. யாழ்ப்பாணத்துத் தாய்மார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பார்கள். வீடு வீடாகச் சேர்ந்த அந்தப் பிடியரிசியால் பள்ளிக்கூடங்கள் நடந்தன. எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. ஆனால் ஊர்ப்பிள்ளைகள் படித்தார்கள். பல சங்கங்களின் சிறு தொகைகள் ஓர் அறநிலையத்தில் சேரும்போது ஓர் இளம் விஞ்ஞானியின் ஆய்வுக்கு அது பிடியரிசியாகும்.

பணம் நல்ல வழியில் செல்கின்றதா என்று பார்ப்பது சங்க நிருவாகிகளின் கடமை. விண்ணப்பங்களை வெளியாரான நிபுணர்களைக் கொண்டு மதிப்பிட்டே மருத்துவ ஆராய்ச்சி அறநிலையங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்தவை பணம் வழங்க வேண்டும் என்பது விதி. பார்க்கின்சன்ஸ் யூகேயில் நோயாளிகளும் அவர்களது குடும்பத்தவரும் அந்த மதிப்பீட்டில் பங்குகொள்கின்றனர். அறநிலையங்களின் ஆண்டுக் கணக்கை அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் எவரும் பார்வையிடலாம். அதேவேளை, ஒரு கோயில் அறநிலையத்தின் யாப்பு சமயப் பணியை மட்டுமே நோக்கமாகக் குறிப்பிட்டிருந்தால், உண்டியற் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்புதல் சட்டப்படி முறையாகாது. அப்படிப்பட்ட இடங்களில் தனியாக அறிவித்து, தனியாகச் சேர்த்து, அப்படியே ஒப்படைப்பதே சரியான வழி. வருமான வரி செலுத்துபவர் கிஃப்ற் எயிட் பத்திரத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸ் அறநிலையத்துக்குக் கிடைக்கும்.

பணத்தை விடப் பெரிய தானம் ஒன்றும் இருக்கின்றது. அது தம்மையே ஆராய்ச்சிக்குக் கொடுப்பது. பார்க்கின்சன் நோயின் பரம்பரைக் காரணங்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடமே நடந்தன. பின்னர் நைஜீரிய விஞ்ஞானிகளும் இலண்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆபிரிக்க வம்சத்தவரை ஆராய்ந்தபோது, ஐரோப்பியரிடம் பெரும்பாலும் காணப்படாத ஒரு மரபணு மாற்றம் நோய் வரும் அபாயத்தைக் கூட்டுவதை 2023 இல் கண்டறிந்தனர். தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது. தமிழர் பங்குகொள்ளாத ஆராய்ச்சியில் தமிழருக்குரிய விடை மட்டும் எப்படி வரும்? இரத்தம் கொடுப்பது, கேள்விக்கொத்துக்குப் பதில் எழுதுவது, மருந்துச் சோதனையில் சேர்வது என்று பங்குகொள்ளப் பல வழிகள் உண்டு. நோய் இல்லாதவர்களும் ஒப்பீட்டுக்குத் தேவைப்படுகின்றனர். நோயை வெளியில் சொல்லாமல் மறைக்கும் வழக்கம் தொடருமானால் இவை ஒன்றும் நடவா.

மூளையைத் தானமாக எழுதி வைப்பது பற்றிப் பலருக்குத் தயக்கம் இருக்கலாம். இறந்த பின் ஓரிரு நாள்களுக்குள் மூளை எடுக்கப்பட்டு, உடல் குடும்பத்தாரிடமே ஒப்படைக்கப்படும். ஈமக் கிரியைகளுக்கும் தகனத்துக்கும் தடையில்லை. தேவர்கள் கேட்டபோது தம் எலும்பையே கொடுத்த ததீசி முனிவரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் சமூகத்துக்கு இது அந்நியமான எண்ணமாக இருக்க முடியாது. எனினும் இது ஒவ்வொருவரும் தம் குடும்பத்தாருடன் கலந்து மனமொப்பிச் செய்யவேண்டியது. வற்புறுத்தலுக்கு இதில் இடமில்லை.

ஆகவே கோயிற் சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று. ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, அன்று சேரும் தொகையை இளம் விஞ்ஞானிகளுக்கு உதவித்தொகை வழங்கும் அறநிலையம் ஒன்றுக்கு அனுப்புதல் முதலாவது. பார்க்கின்சன் நோயைப் பற்றி விளக்கமளிக்கத் தமிழ் பேசும் வைத்தியர் ஒருவரையும், ஆய்வுகூடத்தில் பணிபுரியும் இளம் விஞ்ஞானி ஒருவரையும் அழைத்து, மூத்த அங்கத்தவர்கள் கேள்வி கேட்க வாய்ப்பளித்தல் இரண்டாவது. ஆராய்ச்சியில் பங்குகொள்ள விரும்புவோருக்கு வேண்டிய படிவங்களைப் பெற்றுக் கொடுத்து, தமிழில் விளங்கப்படுத்தும் பொறுப்பைப் படித்த இளைஞர்களிடம் ஒப்படைத்தல் மூன்றாவது. இவற்றில் இரண்டுக்குப் பணமே தேவையில்லை.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என்று வகுத்தார். இந்த நான்கில் நோயாளி இருக்கிறார், வைத்தியர் இருக்கிறார், அருகிருந்து பேணும் மனைவியும் மக்களும் இருக்கிறார்கள். இல்லாதது நோயை நிறுத்தும் மருந்து ஒன்றே. அதைத் தேடி எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் இரவு வெகுநேரம் விளக்கு எரிகின்றது. அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதைப் போன்ற புண்ணியமே என்பதை அங்கத்தவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னர் சிந்திப்பார்களாக.